அவை அழைக்க வந்த அடிகளார்

இலக்கிய மன்றம் ஒன்றின் காரியதரிசியாக ஓராண்டேனும் இருந்து பார்த்தவர்க்கே, விழாவொன்றுக்கு நல்ல சொற்பொழிவாளர் ஒருவரைத் தேடிப் பெறுவதன் அருமை தெரியும். புலமையுடையார் சிலர் அவைக்கு வர அஞ்சுவர். அவைக்கு அஞ்சாதார் சிலரிடம் புலமை இராது. இரண்டும் உடையார்க்கு நாள் ஒழியாது. வழிச்செலவு, தங்குமிடம், இசைவாணர் ஆயின் உடன் வரும் பக்கவாத்தியக்காரர் எத்துணைப் பேர் என்னும் கணக்கெல்லாம் முடிந்து, மேடையிலே குத்துவிளக்கு ஏற்றிய பின்னரும், வருவார் எனப்பட்டவர் வந்து சேருங்காறும் காரியதரிசியின் கண் வாயிலிலேயே இருக்கும். இதனை எழுதுவோனும் அத்துன்பத்தை அறிந்தவனே.

சென்ற நூற்றாண்டின் முற்பாதியிலே, ஈழத்திலும் தமிழகத்திலும் இருந்த சங்கங்களும் கழகங்களும் கல்லூரி மன்றங்களும் விரும்பி அழைத்த பெயர்களுள் ஒன்று விபுலாநந்த அடிகள் என்பது. அப்பெயருடையார் எம் கல்லூரிக்கு விருந்தினர் அல்லர், இவ்வீட்டார். இதன் முகாமைப் பொறுப்பைத் தாங்கியவர். சிலகாலம் அதிபராகவும் அமர்ந்தவர். அவர்தம் வரலாற்றைப் பலர் பலவாறு எழுதியுள்ளனர். இம்மலரிலே யாம் எழுதப் புகுவது, அழைத்த அவைக்கெல்லாம் சென்ற ஒருவர் அவ்வாறு சென்றதனால் பெற்றது யாது, இழந்தது யாது என்னும் ஒருபுடை வரலாறு.

அடிகளார் பிறந்தது 1892ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 27ஆம் நாள், மட்டக்களப்புக்குத் தெற்கே கடலோரத்துள்ள காரைதீவிலே. தந்தையார் சாமித்தம்பி விதானையார், தாயார் கண்ணம்மையார். இட்ட பெயர் மயில்வாகனம். அதே 1892ஆம் ஆண்டிலேதான் உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை உரையோடு அச்சிட்டு வெளிப்படுத்தினார். தற்செயலான ஒற்றுமையே எனினும், அந்நூலின் ஒரு காதைக்கே தம் வாழ்நாளின் பெரும்பகுதியை ஈந்தவரின் வரலாற்றிலே இதனைக் குறியாமல் விடுதல் இயலவில்லை.

இளமைக் கல்வி காரைதீவிலும் கல்முனையிலும், பின்னர் மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியிலும் நிகழ்ந்தது. பதினாறாம் அகவையிலே கேம்பிரிட்ச் சீனியர்த் தேர்வில் தேறினார். கொழும்பிலே ஆசிரியப் பயிற்சி. மீண்டும் அங்கேயே பொறியியற் கல்லூரியிற் பயின்று 1916இல் விஞ்ஞான டிப்ளோமாப் பட்டம். அதே ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதத் தேர்விலும் தேறினார். ஈழத்தவருள் அத்தேர்வில் முதன்முதல் தேறியவர் அவரே என்பர். ஒரு கையிலே பௌதிகமும் இரசாயனமும், மற்றொரு கையிலே தொல்காப்பியமும் சிலம்பும் என இரண்டையும் ஒருங்கு பற்றிய ஆசிரியர் அக்காலத்து அரியர். யாழ்ப்பாணத்துப் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியராகவும், இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டம் பெற்று 1920இல் மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபராகவும் விளங்கினார். யாழ்ப்பாணத்து ஆரிய திராவிட பாஷாபிவிருத்திச் சங்கம் 1921இல் தோன்றியதற்கும் அவரது முயற்சி பெருந்துணை. தமிழ்ப் பண்டிதர்களை ஈழத்திலேயே தேர்ந்தெடுக்கும் வழியை அச்சங்கம் வகுத்தது.

சுவாமி சர்வாநந்தரின் தொடர்பினாலே உள்ளத்தில் எழுந்த துறவு வேட்கை அவரைச் சென்னை மயிலாப்பூரிலுள்ள இராமகிருஷ்ண மடத்துக்கு 1922இல் அழைத்துச் சென்றது. அங்கே பிரபோத சைதன்யர் என்னும் பிரமசரியப் பெயருடன் மடத்து வெளியீடுகளாகிய இராமகிருஷ்ண விஜயம், வேதாந்த கேசரி என்பவற்றின் ஆசிரியப் பணியை ஆற்றினார். 1924ஆம் ஆண்டு சித்திரைப் பூரணையிலே, பரமஹம்சரின் நேர்ச்சீடருள் ஒருவரான சுவாமி சிவாநந்தர் துறவு நல்கி விபுலாநந்தர் என்னும் பெயரைச் சூட்டினார். மயில்வாகனனார் மறைந்து அடிகளார் தோன்றியது அன்றே.

துறவு பூண்ட ஆண்டிலேயே வந்த ஓர் அழைப்பு பற்றிச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். மதுரைத் தமிழ்ச் சங்கம் பாண்டித்துரைத் தேவரால் 1901இல் நிறுவப்பட்டது. அதன் ஆண்டு விழாவிலே நாடகத் தமிழ் பற்றிப் பேசுமாறு அடிகளாரை வேண்டினர். இக்காலத்து மன்றத்தார் பேச்சாளரை நோக்கி, எதைப்பற்றியேனும் அரைமணி நேரம் பேசுங்கள் என்பதுண்டு. மதுரையார் அவ்வாறு வேண்டவில்லை. இயலும் இசையும் போல நாடகமும் தமிழின் ஒரு கூறு என்று ஏட்டளவிலே சொல்லிவந்தோமன்றி, அதன் இலக்கணம் கூறும் நூல்கள் இறந்தொழிந்தன. எஞ்சியவை உரையாசிரியர் எடுத்தாண்ட சில சிதறிய சூத்திரங்களே. ஆதலின் வேண்டப்பட்டது ஒரு பேச்சாயினும், ஆற்ற வேண்டியிருந்தது ஓர் ஆராய்ச்சி.

அப்பேச்சே விரிந்து 1926இல் மதங்க சூளாமணி என்னும் நூலாக மதுரைச் சங்கத்தின் வாயிலாக வெளிவந்தது. மதங்கர் என்பார் கூத்தர். அவர்க்கு முடிமணி போல்வது என்பது பெயர்ப்பொருள். உறுப்பியல், எடுத்துக்காட்டியல், ஒழிபியல் என மூன்று இயல்களால் ஆயது. பழந்தமிழ் நூல்களிலும் உரைகளிலும் கிடந்த நாடக உறுப்புக்களை முதலியல் தொகுக்கின்றது. அவ்வுறுப்புக்கள் நாடகத்தில் அமைந்து கிடக்குமாற்றைக் காட்ட வேண்டிய இரண்டாம் இயலுக்கு எடுத்துக்காட்டு வேண்டுமே! பழந்தமிழ் நாடக நூல் ஒன்றும் கையில் இல்லை. அடிகளார் சேக்சுபியரின் நாடகங்களிற் பன்னிரண்டைக் கொணர்ந்து தமிழ் அவையில் நிறுத்தினார். அக்கவிஞர்க்குச் செகசிற்பியார் என்று பெயரிட்டதும் இந்நூலிலேதான். மூன்றாம் இயல் தனஞ்சயனாரின் தசரூபகத்தைத் தழுவியது. ஆங்கிலமும் வடமொழியும் தமிழுக்குப் பகை என்றும், தமிழ் இவற்றுக்கு அடிமை என்றும் இருவேறு கூச்சல் கேட்ட காலத்திலே, மூன்றினையும் ஒரே பந்தியில் அமர்த்தி இலை போட்ட துணிவை வியவாதிருத்தல் அரிது. செகசிற்பியார் என்னும் பெயர் சிலர்க்கு இன்று நகை விளைக்கலாம். எமக்கும் மாணவப் பருவத்தில் விளைத்ததுண்டு. நூலைப் படித்தபின் அந்நகை நில்லாது.

அந்நூல் அச்சேறிய காலத்திலே அடிகளார் இருந்தது நூலகத்திலன்று. பள்ளிக்கூட முகாமையின் நடுவே. 1925இல் ஈழத்துக்கு மீண்டார். 1897இல் சைவப் பெருமக்களால் தொடங்கப்பெற்ற திருகோணமலை இந்துப் பாடசாலையின் முகாமையை இராமகிருஷ்ண மிஷன் ஏற்றதும் அவ்வாண்டிலேயே. (விவேகாநந்த சுவாமிகள் மேனாட்டிலிருந்து மீள்கையில் யாழ்ப்பாணத்தில் அடிவைத்த ஆண்டும் 1897 என்பதைப் பழைய மாணவர் சிலர் அறியார்.) யாழ்ப்பாணத்து வைத்தீஸ்வர வித்தியாலயம், மட்டக்களப்புப் பகுதிப் பள்ளிகள், திருகோணமலைக் கல்லூரி என மூன்று திக்குகளிற் கிடந்த பள்ளிகளின் பொறுப்பு அவர் தலைமேல் வந்தது. இன்று ஒருநாளிற் போய் மீளும் தொலைவுதான். அன்றோ திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையே கரையோரமாகச் செல்வார் ஆற்று முகங்களையும் களப்புக்களையும் துறைதுறையாகத் தோணியேறிக் கடத்தல் வேண்டும். ஆசிரியர் சம்பளம், அரசினர் நன்கொடை, கட்டடம், சோதனைப் பெறுபேறு என்பன எவரையும் கவிதை மறக்கச் செய்யும் காரியங்கள். அவற்றைத் துறவி ஒருவர் செய்ய வேண்டுமோ என்று கேட்டல் எளிது. சைவப் பிள்ளைகள் தம் சமயச் சூழலிலே ஆங்கிலமும் விஞ்ஞானமும் கற்க இடமின்றியிருந்த ஊர்களில், அவர் செய்யாவிடின் வேறு யார் செய்திருப்பர் என்று கேட்டலே தகும்.

மட்டக்களப்புக் கல்லடி உப்போடையிலே சிவாநந்த வித்தியாலயம் 1929இல் எழுந்தது. தம் குருநாதர் பெயரையே அதற்கு இட்டார். கிழக்கிலங்கைக் கல்வி வரலாற்றில் அப்பள்ளி பெற்ற இடம் யாவரும் அறிந்தது; இங்கே விரித்தல் வேண்டா.

இவ்வாறு பள்ளிகளிடையே உழன்றவரை அடுத்து அழைத்தது தில்லை. அண்ணாமலைச் செட்டியார் சிதம்பரத்திலே நிறுவிய பல்கலைக்கழகம் அப்போது ஈராண்டுக் குழந்தை. அதன் முதல் தமிழ்ப் பேராசிரியராக 1931இல் அடிகளார் அமர்ந்தார். தமிழகத்துப் பல்கலைக்கழகம் ஒன்று தமிழுக்கு முதற் பேராசிரியராக ஈழத்தவர் ஒருவரைத் தேர்ந்தது சிறிய செய்தியன்று. அங்கே அவர் இருந்தது 1933 வரையேயாம். எனினும் அச்சில ஆண்டுகளில் நிகழ்ந்தவை இரண்டு நினைக்கத்தக்கன. சுப்பிரமணிய பாரதியாரைப் பெரும்புலவர் வரிசையில் வைக்கப் பண்டிதர் பலர் தயங்கிய அக்காலத்திலே, அவர் பாடல்களைப் பயிலுதற்கெனப் பாரதி கழகத்தை அமைத்து மாணவரிடையே பரப்பினார். பேராசிரியர் ஒருவர் கைக்கொண்டபின் பாரதி பாடலை இழித்துரைத்தல் எளிதாக இல்லை. மற்றொன்று, பல்கலைக்கழகத்தை அடுத்த திருவேட்களத்திலே ஒதுக்கப்பட்ட மக்கள் வாழ்ந்த சேரிக்குச் சென்று அங்குள்ளாருக்கு எழுத்தறிவித்தமை. அங்கிருந்து அவர்க்கு அழைப்பிதழ் வரவில்லை. தலைவர் முன்மொழிதலும் நன்றி நவிலலும் அங்கே இல்லை. அழையாத அவைக்கும் அவர் சென்றார் என்பதற்கு இது சான்று.

சிதம்பரத்தில் இசைக் கல்லூரியும் இருந்தது. தேவாரம் ஓதும் ஒலி கோயிலிற் கேட்டது. இசைவாணர் பலர் அருகிருந்தனர். இச்சூழலே யாழாராய்ச்சிக்கு உரமாயிற்று. அவர் எடுத்துக்கொண்ட வினாவை மாணவர்க்கும் விளங்குமாறு சொல்லிவிடலாம். சங்க நூல்களிலும் சிலம்பிலும் பெரியபுராணத்திலும் யாழ் என்னும் கருவி பேசப்படுகின்றது. இன்று அது தமிழ்நாட்டில் எவர் கையிலும் இல்லை. வீணை வந்தது, யாழ் மறைந்தது. அதற்கு நரம்பு எத்தனை, அவற்றை எவ்வாறு பண்ணுதல், அதிலெழுந்த பண்கள் யாவை என்பன சொல்லளவில் மட்டும் எஞ்சின. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையிலே, மாதவியின் ஆடலுக்குத் துணைநின்ற ஆசிரியரை வரிசையாகக் கூறுமிடத்து யாழாசிரியனின் இயல்பை உரைக்கும் அடிகள் இருபத்தைந்து. அவ்விருபத்தைந்து அடிகளுக்கு ஒரு விரிவுரை காண்பதே அடிகளாரின் நோக்கம். விரிவுரை பெருநூலாயிற்று.

இங்கேதான் கொழும்பிற் கற்ற பௌதிகம் கைகொடுத்தது. நரம்பு ஒன்றைப் பாதியாகக் குறைத்தால் அதே இசை மேற்றானத்தில் ஒலிக்கும். மூன்றில் இரண்டு பங்காக்கினால் குரலுக்கு இளி பிறக்கும். நான்கில் மூன்று பங்காக்கினால் உழை பிறக்கும். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என ஏழு நரம்பு. தாரத்தில் உழையும், உழையிற் குரலும், குரலில் இளியும், இளியில் துத்தமும், துத்தத்தில் விளரியும், விளரியிற் கைக்கிளையும் பிறக்கும் என்று பழையோர் கூறிய முறை வெறும் மரபுரையன்று, மூன்றில் இரண்டு என்னும் அளவினை மீட்டும் மீட்டும் பெருக்கிப் பெறும் கணக்கே என்பது தெளிவாயிற்று. இருபத்திரண்டு அலகுகள் ஏழு நரம்புகளிடையே நான்கு, நான்கு, மூன்று, இரண்டு, நான்கு, மூன்று, இரண்டு எனப் பகுக்கப்படுமாறும், குரலை இடம்மாற்றப் பாலைகள் திரியுமாறும் கணிதத்தால் நிறுவப்பட்டன. வில்யாழ், பேரியாழ், மகரயாழ், சகோடயாழ், செங்கோட்டியாழ் என்பவற்றின் வடிவங்களை உரைக்குறிப்பும் சிற்பமும் கொண்டு வரைந்தார். பேரியாழுக்கு நரம்பு 21, சகோடத்துக்கு 14, செங்கோட்டுக்கு 7 என்னும் எண்கள் வெறும் எண்களாக நில்லாமல், கேட்கத்தக்க இசையாக விளங்கத் தொடங்கின.

தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் தம் கருணாமிர்த சாகரத்தை 1917இல் வெளியிட்டு இத்துறையில் முன்னோடியாகியிருந்தார். அவர் சுருதி இருபத்துநான்கு என்றார். அடிகளார் இருபத்திரண்டைக் கொண்டே கணித்தார். குரல் என்பது இக்காலத்து ஏழு சுரங்களுள் எதற்கு நேர் என்பதிலேயே ஆய்வாளர் இன்றும் ஒருமனப்படவில்லை. ஆதலின் யாழ் நூலின் முடிபுகள் அனைத்தும் மறுக்கவொண்ணாதன என்று கூறுதல் அடிகளார்க்குச் செய்யும் மதிப்பு ஆகாது. அவரும் அவ்வாறு கொள்ளுமாறு எவரையும் வேண்டவில்லை. கணக்கைக் காட்டியே சென்றார். கணக்குக் காட்டினார்க்குக் கணக்கால் மறுமொழி சொல்லலாம்.

இவ்வாராய்ச்சி முற்றுவதற்குப் பதினான்கு ஆண்டுகளளவு சென்றன என்பர். ஏன் இத்துணைக் காலம்? விடை காண அந்த ஆண்டுகளைப் புரட்டினாற் போதும். 1936இல் சென்னையிலே கலைச்சொல்லாக்க மாநாடு கூடியது, தலைமை தாங்க அழைத்தனர், சென்றார். தமிழில் விஞ்ஞானம் கற்பிக்கச் சொல் இல்லை என்று கைவிரித்த காலம் அது. சொல்லாக்கக் குழுவின் உழைப்பால் கலைச்சொற்கள் என்னும் தொகுதி 1938இல் வெளிவந்தது. எம் கல்லூரி ஆய்வுகூடத்தில் பின்னாளிலே தமிழில் இரசாயனம் படித்தோர் அனைவரும் அத்தகைய குழுக்களுக்குக் கடன்பட்டவரே. 1939இல் பிரபுத்த பாரதம் என்னும் ஆங்கில வெளியீட்டின் ஆசிரியராக இமயச் சாரலில் உள்ள மாயாவதிக்கு அழைத்தனர், சென்றார், 1941 வரை அங்கே இருந்தார். பனிமலையில் ஒரு தமிழ்த்துறவி ஆங்கிலக் கட்டுரைகளைத் திருத்திய கையாலேயே யாழ் நரம்பின் கணக்கையும் எழுதிக்கொண்டிருந்தார் என்று நினைக்கும்போது மனம் இரங்குகின்றது. 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தன் முதல் தமிழ்ப் பேராசிரியராக அழைத்தது, வந்தார். இவற்றினிடையே கரந்தைக்கும் மதுரைக்கும் சென்னைக்கும் கொழும்புக்கும் ஈழத்து ஊர்களுக்கும் சென்றாற்றிய சொற்பொழிவுகள் பல. செந்தமிழ், தமிழ்ப்பொழில், கலைமகள் முதலிய ஏடுகள் கேட்டபோதெல்லாம் ஈந்த கட்டுரைகளும் பல.

மதங்க சூளாமணிக்கும் யாழ் நூலுக்கும் இடையே 21 ஆண்டுகள். மேடைகளும் பதவிகளும் அவரைத் தின்றுவிட்டன, அவை இல்லையேல் இன்னும் நான்கு பெருநூல்கள் கிடைத்திருக்கும் என்று குறைகூறுவார் உளர். எம் கருத்தும் நெடுநாள் அதுவே. எண்ணிப் பார்க்குமிடத்து அது முழுதும் சரியன்று எனத் தோன்றுகின்றது. மதுரை அழையாதிருந்தால் மதங்க சூளாமணி இல்லை. தில்லை அழையாதிருந்தால் யாழ் நூலின் கதி யாதாயிருக்குமோ. பிறர் கேட்ட கேள்விக்கு விடையாகவே அவருடைய நூல்கள் பிறந்தன. குறை அவர் சென்றதில் இல்லை; அழைத்தவர்பால் உண்டு. மாலையிட்டுக் கைதட்டி வழியனுப்பியவருள், அன்று சொன்னதைக் குறித்து வைத்தவர் எத்தனை பேர்? பேச்சுக்களிற் பெரும்பகுதி காற்றோடு போயிற்று. கட்டுரைகள் பழைய ஏடுகளில் மறைந்து கிடந்தன. அவர் மறைந்த பின்னரே அருள் செல்வநாயகம் அவற்றைத் தேடித் தொகுத்து, விபுலாநந்தத் தேன், விபுலாநந்த வெள்ளம், விபுலாநந்த ஆராய்வு என நூல்களாக்கினார். அத்தொண்டும் இல்லையேல் நமக்குக் கிடைப்பன மிகச் சிலவே.

இனி அரங்கேற்றம். கரந்தைத் தமிழ்ச் சங்கம் யாழ் நூலை அச்சிட முன்வந்தது. கோனூர் சிதம்பரம் செட்டியாரின் ஆதரவும் வாய்த்தது. அரங்கேற்று காதையிலிருந்து பிறந்த நூல் அரங்கேற்றம் இன்றி வெளிவருதல் பொருந்துமோ? தேர்ந்த இடம் சோழநாட்டுத் திருக்கொள்ளம்பூதூர். ஓடக்காரர் இல்லாத ஆற்றிலே ஞானசம்பந்தர் பதிகம் பாட, ஓடம் தானே சென்று அக்கரை சேர்ந்தது என்பது அத்தலத்து வரலாறு. அச்சம்பந்தரே இராமேச்சரத்தில் நின்று கடல் கடந்த நம் திருக்கோணமலையையும் பாடியவர். அவரோடு ஊர்தோறும் சென்று பதிகங்களை யாழிலிட்டவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். தருமபுரத்திலே யாழுக்கு அடங்காத பதிகத்தைக் கேட்டு, அடங்காத கருவி எதற்கு என்று அதை உடைக்க முற்பட்டபோது சம்பந்தர் தடுத்தருளினார் எனச் சேக்கிழார் கூறுவர். யாழ் நூலுக்குத் தேவாரவியல் என ஓர் இயல் அமைந்ததும், அரங்கேற்றம் சம்பந்தர் தலத்தில் நிகழ்ந்ததும் ஆராயாது செய்தனவல்ல.

1947ஆம் ஆண்டு சூன் மாதம் 5, 6 ஆகிய இரு நாட்களும் விழா. அடிகளார்க்கு அகவை ஐம்பத்தைந்து. உடலோ அதனினும் முதியது. புலவரும் இசைவாணரும் புடைசூழ, அடிகளாரின் ஆராய்ச்சிப்படி அமைத்த முளரி யாழும் வீணை வகைகளும் ஏந்தி ஊர்வலமாகத் திருக்கோயிலை அடைந்தனர். நூலாசிரியர் தாமே அவையிலிருந்து நூற்பொருளை எடுத்துரைத்தார். அத்துடன் நின்றதா? இல்லை. சங்கீத பூஷணம் க. பொ. சிவானந்தம் பிள்ளை கருவியைக் கையிலெடுத்து மீட்டிக் காட்டினார். ஏட்டில் இருந்தது காதில் விழுந்தது. நூலாசிரியரும் கலைஞரும் ஓர் அவையில் உடனிருந்து, ஒருவர் சொன்னதை மற்றவர் ஒலித்துக் காட்டிய அவ்விரு நாட்களைப் போன்ற இலக்கிய விழா நம் காலத்தில் அரிது. பல நூற்றாண்டு ஊமையாய்க் கிடந்த கருவி ஒன்று பேசியது என்றால் அது மிகையுரையன்று. அடிகளாரின் கணக்குத் தவறாயிருந்தால் அது அவ்வவையிலேயே, அத்தனை செவிகளின் முன்னே வெளிப்பட்டிருக்கும். எழுதிவிட்டு ஒதுங்கிக் கொள்ளும் ஆராய்ச்சியாளர்க்கு இல்லாத இடரை அவர் தாமே தேடி ஏற்றார்.

விழா முடிந்து ஈழம் மீண்டவர் பெரிதும் நோயுற்றார். சூலை மாதம் 19ஆம் நாள் கொழும்பிலே இறையடி சேர்ந்தார். அரங்கேற்றத்துக்கும் மறைவுக்கும் இடையே நாற்பத்து நான்கு நாட்களே. ஓர் அழைப்புக்கு இன்னும் உடன்பட்டிருந்தால், ஒரு மாநாடு இன்னும் குறுக்கிட்டிருந்தால், நூல் அரங்கேறியிருக்குமா என்று கேட்க நடுக்கம் உண்டாகின்றது. திருவுடலைக் கல்லடி உப்போடைக்குக் கொணர்ந்து சிவாநந்த வித்தியாலய வளவிலே அடக்கம் செய்தனர். இறைவனுக்கு உகந்த மலர் எது எனத் தாம் பாடிய பாட்டே அங்கே கல்லிற் பொறிக்கப்பட்டுள்ளது. அதனை அறியாத பள்ளிப்பிள்ளை கிழக்கிலே இல்லை எனலாம்.

யாழ் நூலின் பிற்கதையையும் சொல்லிவிடல் முறை. பாயிரவியல் தொடங்கி ஒழிபியல் ஈறாக ஏழு இயல்கள் கொண்ட அந்நூலை இசைவாணர் எடுத்தால் கணக்கு மிரட்டுகின்றது. கணிதம் வல்லார் எடுத்தால் பழந்தமிழ் நடை மிரட்டுகின்றது. தமிழ் வல்லார்க்கோ இரண்டும் மிரட்டுகின்றன. இதனை அடிகளாரின் குறை என்பதோ எம் குறை என்பதோ படிப்பவர் விருப்பம். நடையை இன்னும் சற்று எளிதாக்கியிருக்கலாம் என்பது எம் துணிபு. யாம் இளைஞராயிருந்தபோது, பெயர் சொல்ல விரும்பாத நூல்நிலையம் ஒன்றிலே யாழ் நூற் பிரதி ஒன்றைக் கேட்டுப் பெற்றோம். அட்டை பழுதில்லை, உள்ளே பக்கங்கள் பல ஒன்றோடொன்று ஒட்டி வெட்டப்படாமலே இருந்தன. வந்து சேர்ந்த நாள் முதல் ஒருவரும் அதனைப் படிக்கவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. அதே மண்டபத்திலே ஆண்டுதோறும் அடிகளார் நினைவுநாள் கொண்டாடப்பட்டு வந்தது. நூலகரிடம் மடக்குக்கத்தி ஒன்றை இரவல் வாங்கிப் பாலைத்திரிபியல் வரை வெட்டினோம். எஞ்சியதை மறுநாள் வந்து வெட்ட இசைவு தந்தார்.

பின்னாளிலே நிலை முற்றும் அவ்வாறே இருந்துவிடவில்லை. யாழ் நூல் மீண்டும் பதிப்பிக்கப்பட்டது. கல்லடியிலே அடிகளார் பெயரால் இசை நடனக் கல்லூரி ஒன்று 1982இல் தோன்றி, இன்று கிழக்குப் பல்கலைக்கழகத்தின் அழகியற் கற்கைகள் நிறுவகமாக வளர்ந்துள்ளது. இசையும் கூத்தும் நாடகமும் அங்கே பட்டப்படிப்பாகப் பயிலப்படுகின்றன. மதங்க சூளாமணியை எழுதியவர் பெயரால் அமைந்த இடத்திலே கூத்துப் பயில்வோர், எம் கல்லூரி விழாவுக்கு அழைத்தால் வரக்கூடிய தொலைவிலேயே இருக்கின்றனர். தோணித்துறைகள் இருந்த இடங்களிலெல்லாம் இப்போது பாலங்கள் உள்ளன.